ஓட்டிப்பாரு அக்காவும் ஒரு மேசை விளக்கும்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகி, நாற்காலியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஓட்டிப்பாரு அக்கா. அவருக்கு முன்னால், கணக்குப் பிரிவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஒருவர் கணினித் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறார். அவர் அமுக்க வேண்டிய பொத்தான் மூக்குக்கு நேரே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மனிதர் ஊரெல்லாம் சுற்றுகிறார். அக்காவின் தோள் ஒருமுறை துள்ளி அடங்குகிறது. கையை வெளியே விட்டால் அது தானாகப் போய்த் திரையைத் தொட்டுக் காட்டிவிடும். வாயைத் திறந்தால் காரியம் கெட்டது. அதனால் உதட்டையும் உள்ளே மடித்து வைத்திருக்கிறார்.

மடியில் அதே பக்கத்தின் அச்சுப் பிரதி. காதிடுக்கில் ஒரு குட்டைப் பென்சில். முன்னால் இருப்பவர் எங்காவது தயங்கினால் மட்டும் அக்காவின் வலது கை வெளியே வரும். அந்த வரிக்கு நேராக ஒரு சின்னக் கோடு போடும். போட்டுவிட்டு மறுபடியும் தொடைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

எல்லாம் முடிந்து, "எனக்கு இதெல்லாம் வராதும்மா, நான் மக்கு" என்று அந்த மனிதர் எழுந்தால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "நீங்க மக்கு இல்ல. நீங்க முழிச்ச இடமெல்லாம் நான் தப்பா எழுதின இடம். உக்காருங்க, ஏன் முழிச்சீங்கன்னு சொல்லிட்டுப் போங்க" என்பார். சொன்னால் டீ வாங்கித் தருவார். எங்கள் அலுவலகத்தில் வாசல் காவலாளி உட்பட எல்லாரும் அந்த நாற்காலியில் ஒருதடவையாவது முழித்தவர்கள்தான். டீக்கு ஆசைப்பட்டு நான் பலதடவை முழித்திருக்கிறேன்.

எங்கள் நிறுவனம் பார்சல் அனுப்பும் மென்பொருள் செய்கிறது. செருப்புக் கடை, புத்தகக் கடை, பொம்மைக் கடை என்று யார் யாரோ இணையத்தில் விற்கிறார்கள். அந்தக் கடையின் நிரல் எங்கள் நிரலைக் கூப்பிட்டு, 'இதை இங்கே எடு, அங்கே கொடு' என்று சொன்னால் கூரியர்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எப்படிக் கூப்பிடுவது, என்ன சொல்வது, சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவது என்று அந்தக் கடைகளின் புரோகிராமர்களுக்கு விளக்கும் கையேட்டை எழுதுவது அக்காவின் வேலை. படித்தும் புரியாதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். திட்டு வாங்குவது என் வேலை. ஆக, அக்கா நன்றாக எழுதினால் எனக்கு ஓய்வு. இந்தச் சுயநலத்தோடுதான் அவரைப் பற்றி எழுதுகிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

யார் எதைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி, "ஓட்டிப் பாத்தியா?" நிரலை ஓடவிட்டுப் பார்க்காமல் அது சரி என்று யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. நாளடைவில் அது எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. லிஃப்ட் சரியாகிவிட்டதாம் என்றால் "ஓட்டிப் பாத்தியா?" புதிதாக வந்த குடை நன்றாக இருக்கிறதாம் என்றால் "ஓட்டிப் பாத்தியா?" வரவேற்பறைப் பெண் ஒருநாள் வெட்கத்தோடு வந்து, தனக்கு வரன் அமைந்துவிட்டது, பையன் ரொம்ப நல்ல மாதிரி என்று சொன்னபோதும் அதே கேள்வி வாய்வரை வந்து, பாதி வெளியே விழ, அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டப்பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். அவர் கணவர் வைத்திருப்பதே மூக்குக்கண்ணாடிக் கடை. "கண்ணாடிக்காரன் பொண்டாட்டி கண்ணாடியத் தேடினா என் வியாபாரம் என்னத்துக்கு ஆகறது?" என்று அலுத்துக்கொண்டு, உபரியாக ஒன்றை என் மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கிறார். சாதுவான மனிதர். அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் அக்கா தன் கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். இயந்திரத்தோடு வந்த புத்தகம், அதைத் தயாரித்த கம்பெனியின் பெருமையில் தொடங்குகிறதாம். அக்காவின் தாள் 'துணி போட்டாச்சா? மூடியை அழுத்து, சத்தம் வரணும்' என்று தொடங்குகிறது. "எங்க வீட்ல குளியலறைக் கதவுக்கு மட்டுந்தான் இன்னும் கையேடு வரல" என்பார் கணவர். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழியும்.

அக்கா வருவதற்கு முன் எங்கள் கையேடு இருந்த லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். அதை எழுதியவர், மென்பொருளையே ஆதியில் கட்டிய தலைமைப் பொறியாளர். உள்ளறையை விட்டு லேசில் வெளியே வரமாட்டார் என்பதால் அவருக்கு மூலவர் என்று பெயர். நல்லவர், கெட்டிக்காரர், ஆனால் தான் எந்த வரிசையில் கட்டினாரோ அதே வரிசையில்தான் ஊரும் படிக்க வேண்டும் என்று நினைப்பவர். பார்சலை ரத்து செய்ய வேண்டுமா? 'நிலை மாற்றங்கள்' என்கிற அத்தியாயத்துக்குப் போய், அதற்குள் 'முடிவுறா நிலைகள்' என்கிற உட்பிரிவைத் தேட வேண்டும். நிரலுக்குள் அதன் பெயர் அதுதான். கடைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் தேடல் கட்டத்தில் 'ரத்து' என்று அடிப்பான். எதுவும் இல்லை என்று வரும். அடுத்த நிமிடம் என் தொலைபேசி அலறும்.

"வீட்டைக் கட்டினவர் கொத்தனார் கணக்குல எழுதி வச்சிருக்கார் தம்பி. குடிவர்றவங்க அஸ்திவாரம் எங்கன்னா கேப்பாங்க? சமையலறை எங்க, பாத்ரூம் எங்கன்னுதானே கேப்பாங்க" என்றார் அக்கா. படிப்பவர்கள் தேடல் கட்டத்தில் என்னென்ன அடிக்கிறார்கள் என்று பார்த்து, அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்துக் கையேட்டைப் பிரித்து மேய்ந்தார். 'பார்சல் அனுப்ப', 'எங்கே வருகிறது என்று பார்க்க', 'வேண்டாம் என்று ரத்து செய்ய' என்று அத்தியாயங்கள் வந்தன. மூலவரின் விளக்கத்தைத் தூக்கிப் போடவில்லை. 'உள்ளே எப்படி இயங்குகிறது' என்று பின்னால் வைத்தார்.

மூலவருக்கு மனசு கேட்கவில்லை. "முதல்ல புரியணும்மா. புரியாம செய்யறது கண்ணைக் கட்டிட்டு நடக்கறாப்பல" என்றார்.

"முதல்ல ஒண்ணு ஓடட்டும் சார். ஓடினதுக்கப்புறம் ஏன் ஓடிச்சுன்னு அவங்களே உங்க பக்கத்தைத் தேடி வருவாங்க" என்றார் அக்கா.

அதோடு நிற்கவில்லை. மேலாளரை நச்சரித்து ஒரு காரியம் சாதித்தார். அதுவரை எடுத்துக்காட்டு நிரல்கள் பக்கத்தில் சும்மா படம்போலக் கிடக்கும். அக்கா அவற்றைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டிக்குக் கீழே 'ஓட்டு' என்று ஒரு பொத்தான். அமுக்கினால் நிரல் அங்கேயே ஓடி, கீழே விடை வரும். பெயரை மாற்று, எடையை மாற்று, மறுபடி அமுக்கு, ஒன்றும் உடையாது. எல்லாம் ஒரு பயிற்சிக் களத்தில் நடக்கும். அங்கே பதிவாகும் பார்சலுக்கு நிஜத்தில் எந்த வண்டியும் கிளம்பாது.

எடுத்துக்காட்டில் ஏனோதானோ என்று எதையாவது எழுதுவது அவருக்குப் பிடிக்காது. "எக்ஸ் ஒய் இசட்னு ஒருத்தருக்கு நீ எதையாவது அனுப்புவியா? அனுப்பணும்னு தோணுமா?" என்று கேட்பார். அதனால் முதல் பக்கத்து முதல் பெட்டியில் பொருள்: மேசை விளக்கு, பச்சைக் கூடு, ஒன்றரை கிலோ. குறிப்பு: 'உடையும் பொருள். மெதுவாக.' எடுக்க வேண்டிய இடம், அக்காவின் சொந்த வீட்டு விலாசம். அந்த விளக்கும் நிஜமாகவே அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதுதான். அதன் வெளிச்சத்தில்தான் கணவர் பேப்பர் படிப்பார். கொடுக்க வேண்டிய இடம், எங்கள் அலுவலகத்து உள்ளறை, தலைமைப் பொறியாளர். "அவருக்கும் யாராவது ஏதாவது அனுப்பட்டுமே" என்று சிரித்தார். பெட்டிகள் வந்தபின் என் தொலைபேசி தூங்க ஆரம்பித்தது. நானும் கூடவே கொஞ்சம் தூங்கினேன்.

ஒரு விடுமுறை நாள் காலை. அக்கா காய்கறி வாங்கப் போயிருந்தார். வீட்டில் மணி அடித்தது. கணவர் கதவைத் திறந்தால், கூரியர்காரர் நிற்கிறார். "மேசை விளக்கு ஒண்ணு எடுக்க வந்திருக்கேன் சார். பச்சைக் கலர்."

கணவர் திரும்பிப் பார்த்தார். கூடத்து மூலையில் பச்சை விளக்கு இருந்தது. இவள் எதையோ ரிப்பேருக்கு அனுப்புகிறாள் போலிருக்கிறது, நம்மிடம் சொல்ல மறந்திருப்பாள் என்று நினைத்து, நாலு பழைய பேப்பரைச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டார். பொறுப்பான மனிதர், ரசீதுகூட வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி. இன்னொரு கூரியர்காரர். "மேசை விளக்கு சார்." இப்போதுதானே கொடுத்தேன் என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டருகே மூன்றாவது வண்டி வந்து நின்றது.

அக்கா பையோடு தெருமுனை திரும்பியபோது வாசலில் ஒரே வண்டியும் சத்தமும். கணவர் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்து, "எங்க வீட்ல இருந்ததே ஒரே ஒரு விளக்குதாங்க, நம்புங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா ஒருவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்தார். 'உடையும் பொருள். மெதுவாக.' அவர் எழுதிய வாக்கியம். பையைத் தெருவிலேயே வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

நடந்தது இதுதான். பயிற்சிக் களத்துக்கு ஒரு சாவி உண்டு, நிஜத்துக்கு ஒரு சாவி உண்டு. சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல, எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு கடவுச்சொல். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். முந்தைய நாள் பக்கத்தைத் திருத்தும்போது, பெட்டிக்குள் நிஜச் சாவியை ஒட்டிவிட்டார் அக்கா. எங்கேயோ இருக்கிற யார் யாரோ படித்துப் பார்க்கலாமே என்று 'ஓட்டு' பொத்தானை அமுக்க, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு வண்டி அவர் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறது. "ஒட்டிட்டு ஓட்டிப் பாக்கலையா அக்கா?" என்று கேட்டேன். "பாத்தேன் தம்பி. அம்சமா ஓடிச்சு. அதுதான் வினை" என்றார்.

மேலாளர் கூரியர்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பெட்டிகள் அத்தனையும் மூடப்பட்டன. கையேட்டில் அவை இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறத் திட்டுகளாக நின்றன. கூட்டம் போட்டார்கள். "கையேடுன்னா படிக்கறதுக்கும்மா, விளையாடறதுக்கில்ல. பெட்டிய எடுத்துட்டு, என் அத்தியாயத்தைப் பழையபடி முன்னாடி போட்டுடலாம்" என்றார் மூலவர். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "தப்பு என்னுது சார். இனிமே பெட்டி நிஜச் சாவிய வாங்கவே வாங்காத மாதிரி ஒரு பூட்டு மட்டும் போட்டுக் குடுங்க. எடுத்துடாதீங்க" என்றார். பூட்டுப் போட ஆள் ஒதுக்கினார்கள். பெட்டி இருக்குமா போகுமா என்பதை மட்டும் மேலாளர் தள்ளிவைத்தார்.

அந்த வாரம் அக்காவைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, உள்ளே வைப்பார். யாரையும் முழிக்கக் கூப்பிடவில்லை. காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து, சாம்பல் திட்டை வெறுமனே அமுக்கிக்கொண்டிருப்பார். பெட்டி போனால் மறுபடியும் உயிரில்லாத படங்கள்தான். இத்தனை காலம் செய்ததெல்லாம் வீண் என்று அவருக்குத் தெரியும். என் தொலைபேசியும் விழித்துக்கொண்டது.

இதற்கிடையில் விளக்கு வந்து சேர்ந்தது. எங்கள் மென்பொருளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பொருள் உடையாமல், சொன்ன விலாசத்துக்கு, மூலவரின் உள்ளறைக்கே வந்துவிட்டது. கணவர் விளக்கைத் தூக்கிக் கொடுத்த விஷயம் அலுவலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வண்டிகள் எதை எடுக்கப் போயின என்று கூட்டத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. மூலவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். அனுப்பிய இடம் அக்காவின் வீடு. மனிதர் நெகிழ்ந்துபோய், அதைத் தன் மேசையில் வைத்து, பட்டப்பகலில் எரியவும் விட்டுவிட்டார். அபூர்வமாக உள்ளறையிலிருந்து எழுந்து எங்கள் மேசைவரை நடந்தே வந்தார்.

"விளக்கு நல்லா இருக்கும்மா. எதுக்கு இதெல்லாம்? வேலையில அபிப்பிராய பேதம் வர்றதுதான். நமக்குள்ள வருத்தமா என்ன?"

அக்கா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். "வச்சுக்கோங்க சார்" என்றார் கடைசியில்.

அவர் தலை மறைந்ததும் நான் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டேன். "அக்கா, போய்க் கேட்டு வாங்குங்க. மாமா இருட்டுல பேப்பர் படிக்கறார் பாவம்."

அக்கா சிரிக்கவில்லை. "விளக்கு போகட்டும் தம்பி. என் முதல் பக்கத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பாத்திருந்தா, இது யார் வீட்டு விளக்கு, எப்படி வந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. பச்சைக் கூடுன்னு எழுதியிருக்கேன். ஒன்றரை கிலோன்னு எழுதியிருக்கேன். அவர் ரூம்னே எழுதியிருக்கேன். படிக்காமயே வேண்டாம்னு சொல்லியிருக்கார்." எனக்குச் சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, தலைமேல் இருந்த கண்ணாடியை மேசையில் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் மேலாளரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டார். "படிக்கற ஆள் ஒருத்தரை உக்கார வைங்க. பெட்டி இல்லாம ஒரு தடவை, பெட்டியோட ஒரு தடவை. சார் என் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

படிக்கிற ஆளை நான் கொண்டுவந்தேன். பொம்மைக் கடையின் புரோகிராமர், இளம்பெண், பெட்டிகளை மூடிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் குரல் எனக்குத் தூக்கத்திலும் தெரியும், அவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறேன். ஹெல்மெட்டும் கையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பொம்மை ரயிலை அனுப்ப வேண்டும், பிறகு ரத்து செய்ய வேண்டும், அவ்வளவுதான் சோதனை. பின்னால் அக்காவும் மூலவரும். மேலாளர் விதியைச் சொன்னார். "ரெண்டு பேரும் பேசக் கூடாது. கை தொடைக்கடியில."

"நானுமா?" என்றார் மூலவர்.

"நீங்களுந்தான் சார்."

முதலில் மூலவரின் அத்தியாயத்தை முன்னால் வைத்த பக்கங்கள், பெட்டிகள் மூடி. பொம்மைக் கடைப் பெண் படித்தார், உருட்டினார், பெருமூச்சு விட்டார். நிரலைப் பார்த்துப் பார்த்து அடித்தார். பிழை என்று வந்தது. மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். "அங்க இல்லம்மா, மூணாவது பத்தி, மூணாவது பத்தி! சொல்லியிருக்கேனே!" என்று மூலவர் பாதி எழுந்துவிட்டார். "சார்" என்றார் மேலாளர். மூலவர் உட்கார்ந்தார். அந்தப் பெண் கடைசியில் கையை விரித்து, என் பக்கம் திரும்பி, "இதுக்குத்தான் சார் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். மூலவர் தன் கைகளை எடுத்துத் தானாகவே தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். தான் எழுதியதை ஒருவர் படிக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்து அக்காவின் பக்கங்கள். புதுப் பூட்டோடு பெட்டிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கை துறுதுறுத்து 'ஓட்டு' பொத்தானை அமுக்கினார். கீழே விடை வந்தது. "அட!" என்றார். அதற்குப் பிறகுதான் படித்தார். விளக்கை அழித்து ரயில் என்று எழுதி மறுபடி அமுக்கினார். ஒரே ஒரு இடத்தில் தயங்கினார். அக்காவின் கை வெளியே வந்து கோடு போட்டுவிட்டு உள்ளே போனது. ரத்துப் பக்கத்துக்கு அவரே போனார், அமுக்கினார், ரத்தானது. "இது முன்னாடியே இப்படி இருந்திருந்தா அந்த சாரை நான் திட்டியிருக்கவே மாட்டேனே" என்றார். நான் அவரை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மூலவரை. முதல் பெட்டி ஓடியபோது திரையில் பெரிதாக வந்தது: மேசை விளக்கு, பச்சைக் கூடு, ஒன்றரை கிலோ, பெறுபவர் தலைமைப் பொறியாளர், உள்ளறை. அவர் திரையைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகத் தன் மேசையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையில் மின்விசிறி சுற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர், "என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"பெட்டி இருக்கட்டும்" என்றார் மூலவர். விளக்கின் பக்கம் இன்னொரு தடவை திரும்பிவிட்டு, "என் அத்தியாயம் பின்னாடியே இருக்கட்டும். தேடி வர்றவங்க வரட்டும்" என்றார்.

பொம்மைக் கடைப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எங்கே முழித்தார், ஏன் முழித்தார் என்று விசாரித்து வழியனுப்பிவிட்டு வந்தார் அக்கா. வெகுநாளைக்குப் பிறகு சாப்பாட்டு டப்பாவை முழுசாகக் காலி செய்தார். எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. மூலவர் ஒரு கையில் விளக்கோடும் மறு கையில் மடிக்கணினியோடும் வந்தார். விளக்கின் ஒயரைப் பதவிசாகச் சுற்றி, நுனியைச் செருகி வைத்திருந்தார்.

"நான் படிக்கலம்மா. படிச்சிருக்கணும்."

"அதனால என்ன சார்."

"இதை உங்க வீட்டுக்கு அனுப்பணும். உள்ள எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். வெளியில இருந்து ஒரு கடைக்காரன் மாதிரி நான் கூப்பிட்டதே இல்ல. இங்க பெட்டியில பழகிட்டு, என் கம்ப்யூட்டர்ல நிஜமா அனுப்பறேன். நீங்க எதுவும் சொல்லாதீங்க. நானே படிக்கறேன்."

விளக்கை என் மேசையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா அவசர அவசரமாக மேசையில் எதையோ தேடினார். "தலையில இருக்கு அக்கா" என்றேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, முதல் பக்கத்தின் அச்சுப் பிரதியை மடியில் வைத்து, பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

மூலவர் முதல் வரியிலிருந்து, ஒரு சொல் விடாமல், உதடு அசைய அசையப் படித்தார். ஓட்டினார். விடை வந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த பத்திக்குப் போனார். எங்கிருந்து எடுப்பது, எங்கே கொடுப்பது என்று இரண்டு விலாசத்தையும் மாற்ற வேண்டிய இடத்துக்கு வந்து நின்றார். சுட்டி மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அக்காவின் தோள் துள்ளியது. மூலவர் லேசாகத் திரும்பிப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தார். அவர் மறுபடியும் திரைக்குத் திரும்பி, அந்த வரியின் தொடக்கத்திலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார்.

அக்காவின் வலது கை சத்தமில்லாமல் வெளியே வந்தது. காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்து, அந்த வரிக்கு நேராக ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, மறுபடியும் தொடைக்கடியில் போய்ச் சேர்ந்தது.